உள்ளங்காலில் சுண்டிய விரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆஸ்பத்திரி பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெரம்பலூரில் அதே வார்டில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. நர்ஸ். பயந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கும்பிட்டதைச் சொல்லத்தான் கூசுகிறது.

குறைமாதத்தில் பிறந்ததுகள் திடீரென்று மூச்சுவிட மறந்துவிடும். மானிட்டர் கத்தும். உள்ளங்காலை விரலால் ரெண்டு சுண்டு சுண்டுவோம். சிணுங்கும், மூச்சு வந்துவிடும்.

அன்று சாயங்காலம் இலக்கியா என்பவளின் குழந்தைக்கு அப்படிச் சுண்டினேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற தகப்பன் தமிழழகன் பார்த்துவிட்டான். செருப்போடு உள்ளே வந்தான். “பச்சப் புள்ளையப் போட்டு அடிக்கிறியாடி?” காதோடு சேர்த்து ஒரு அறை. மாஸ்க் கழன்று விழுந்தது. வெளியே அத்தனை பேர் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேனேஜர் ஜெயசீலன் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டார். எனக்காகக் கேட்பார் என்று போனேன். “ஆஸ்பத்திரி பேரு கெட்டுரும்மா. ஒரு சாரி சொல்லிரு” என்றார். சொன்னேன். அடித்தவனைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அரியலூரில் சிமெண்ட் மூட்டை தூக்கிப் படிக்கவைத்த என் அப்பாகூட என்மேல் கைநீட்டியதில்லை.

அவன் போன பிறகும் சார் விடவில்லை. போலீஸ் கீலீஸ் என்று போய்விடாதே என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கேட்டது.

ட்டிங்... ட்டிங்... ட்டிங்...

இலக்கியா குழந்தையின் மானிட்டர். கூட டூட்டியில் இருந்த சுமதி அக்கா அடுத்த அறையில் வேறொரு குழந்தைக்கு ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தார். ஓடினேன்.

கதவைத் தள்ளினேன். மானிட்டர் சத்தம் நின்றது.

டப்... டப்...

விரல் சுண்டும் சத்தம்.

உள்ளே யாருமில்லை.

குழந்தை அழுதது. உள்ளங்கால் சிவந்திருந்தது.

தமிழழகன் கதவை லேசாகத் திறந்தான். இந்தமுறை உள்ளே வரவில்லை.

“இப்ப ஒரு சிஸ்டர் சுண்டுனாங்களே, எங்கங்க?”

“யாரும் வரல.”

“கன்னம் வீங்கியிருந்துச்சுங்க. என்னையே பாத்துக்கிட்டு சுண்டுனாங்க.” என் கன்னத்தைப் பார்த்தான். “அவங்கள நான் அடிக்கலீங்க.”

சுமதி அக்காவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் சொன்னார். நான் சேர்வதற்கு முன்னால் மலர்க்கொடி என்று ஒரு சிஸ்டர். அவளையும் ஒருவன் அறைந்தான். அவளையும் சாரி சொல்ல ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். அவள் கும்பிட்டு நின்ற நேரத்தில், இதே படுக்கையில் கிடந்த குழந்தை மூச்சை மறந்தது.

சுண்டிவிட ஆளில்லை.

குழந்தை போய்விட்டது. விடிவதற்குள் மலர்க்கொடியும்.