சட்டையோடு குளித்த மாமா

கனடாவிலிருந்து மாமா வருகிறார் என்றதும், அம்மா நீர்வேலியில் எங்கள் வீட்டு முன்னறைக்குப் பெயின்ட் அடித்து, புதுக் கட்டில் போட்டு, ஒரு வாழைக்குலையையும் பழுக்க வைத்திருந்தார். மாமாவோ யாழ்ப்பாண நகரில் நீச்சல் குளம் உள்ள அடுக்குமாடியில் மூன்று கிழமைக்கு வீடு வாடகைக்கு எடுத்துவிட்டார். கூடப்பிறந்த தம்பி பதினைந்து வருடத்துக்குப் பிறகு வந்து வாடகை வீட்டில் தங்குவதா? அம்மாவுக்கு மனம் வெந்துபோனது.

“உவருக்கு அக்காவின்ரை வீடு காணாது. கிணத்தடியிலை குளிச்சு வளந்தவருக்கு இப்ப நீச்சல் குளம் கேக்குதாம்.”

அந்தப் படி மிதிக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கோயிலுக்குக் கூப்பிட்டபோதும், சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று மாமா வாசலோடு நின்றுகொண்டார். அம்மாவின் கோபம் இரட்டித்தது.

எட்டு வயதுக்காரி எனக்கென்ன, கொண்டாட்டம்தான். பின்னேரங்களில் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். மாமா எனக்கு நீச்சல் உடுப்பு வாங்கித் தந்தார். தான் மட்டும் பொத்தானெல்லாம் பூட்டிய சட்டையோடு இறங்குவார். அப்படி இறங்கக்கூடாது என்று சுவரில் பலகையே இருந்தது. ஒருநாள் மேல் பொத்தான்கள் கழன்று, நெஞ்சின் நடுவே நீளமாய்த் தைத்த தழும்பு தெரிந்தது. மாமா அவசரமாகப் பூட்டினார்.

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, பிள்ளை.”

“ஓம் மாமா.”

பலகையை மீறியதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். காவலாளிக்குத் தெரிந்தால் எங்களைக் குளத்துக்கே விடமாட்டார்களே.

மாமா திரும்பிப்போக நாலு நாள் இருக்கையில், அம்மா மறுபடியும் அவரைத் திட்டத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“மாமா அங்கையும் வடிவாக் குளிக்கிறேல்லை அம்மா. சட்டையோடைதான் இறங்குவார். நெஞ்சிலை தைச்ச கோடு இருக்கு.”

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தினார்.

“எந்த இடத்திலை?”

என் நெஞ்சில் விரலால் இழுத்துக் காட்டினேன்.

மறுநாள் அம்மா சோறு கறி கட்டிக்கொண்டு தானும் வந்தார். மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து, குளத்தில் கால்களை விட்டுக்கொண்டார். சோற்றைப் பிரித்து மாமாவிடம் நீட்டினார்.

“என்னக்கா, உப்புமில்லை, உறைப்புமில்லை?”

“எனக்கு வயசு போட்டுதடா. கை மறந்துபோச்சு. சாப்பிடு.”

மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. நான் அடித்த தண்ணீர்தான் தெறித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, அதன்பிறகு தள்ளிப்போய் மெதுவாக நீந்தினேன்.