வெயில் நாளில் கந்தோருக்கு: கரவனெல்லையிலிருந்து கேகாலை வரை

இந்த வலைப்பதிவில் இதுவரை நீர்வீழ்ச்சி, மலையேற்றம், மலிவான சாப்பாட்டுக்கடை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை அரசாங்க அலுவலகங்களை, எங்கள் பேச்சில் கந்தோர்களை, சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். தோட்டத்தில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு இந்தப் பயணம் என்றைக்காவது தலையில் வந்து விழும்.

காரணம் என் அக்கா பரமேஸ்வரி. கரவனெல்லைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். அவள் இருக்கும் வரிசை வீட்டுக்கு, அந்த லயத்துக்கு, பின்னால் மண்மேடு. மே மாத மழையில் அந்த மேட்டில் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் விரல் நுழையும் அளவுதான். செப்டெம்பரில் அவள் போனில் அனுப்பிய படத்தில் ஒரு செருப்பு முழுதாக உள்ளே இறங்கி நின்றது. லயத்தில் ஏழு குடும்பம். பிரதேச செயலகத்திலுள்ள அனர்த்த உத்தியோகத்தர் வந்து பார்த்துச் சொன்னால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். அக்கா மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அவருடைய நாற்காலி காலி.

"வேணும்னே ஒளிஞ்சிக்கிறான்டா. தோட்டத்து ஆளுங்கன்னா அவனுக்கு இளக்காரம்" என்றாள் போனில். எனக்கு இரத்தம் கொதித்தது. ஒக்டோபரில் ஒரு செவ்வாயும் புதனும் வத்தளையில் என் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். சண்டை போடுவதற்கென்றே போனேன், மறைக்க ஒன்றுமில்லை.

போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினால் அவிசாவளை தாண்டிக் கரவனெல்லையில் இறங்கலாம். எழுபது கிலோமீற்றர் வரும், சாதாரண பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். நான் போன அன்று 240 ரூபாய். அங்கிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர் ஏற்றம். த்ரீவீலுக்கு 900 கேட்டார்கள், 800க்கு வந்தார்கள். பாதை பள்ளமும் மேடுமாகத்தான் இருக்கும். முதுகுவலிக்காரர்கள் முன்னால் டிரைவர் பக்கத்தில் இடம் கேட்கலாம், தரமாட்டார்கள்.

அன்று மாலை லயத்துக்குப் பின்னால் போய் வெடிப்பைப் பார்த்தேன். படத்தில் பார்த்ததும் நேரில் பார்த்ததும் ஒன்றல்ல. அது அக்காவின் அடுப்படிச் சுவருக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், வளைந்து ஓடியது. நாளைக்குக் காலையிலேயே போவோம் என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கா? நாளைக்கு நல்லா வெயில் அடிக்கும்டா."

"அதுக்கென்ன?"

"வெயில் அடிக்கிற நாள்ல யாருடா கந்தோருக்குப் போவா? பால் வெட்டணும். ஒரு பேரு போயிரும்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். றப்பர் மரத்தை ஈரத்தில் வெட்ட முடியாது. மழை பெய்த காலையில் வேலை இல்லை, பேரும் இல்லை. ஆகவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஆஸ்பத்திரி, வங்கி என்று டவுனில் என்ன அலுவல் இருந்தாலும் மழை நாளுக்கு ஒதுக்கி வைத்துவிடுவார்கள். விடிகாலையில் தகரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டால், குடையை எடுத்துக்கொண்டு பாதி லயம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும். எனக்கும் சின்ன வயதிலிருந்து இது தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. வானிலை அறிக்கையில் மழை இல்லை என்று பார்த்து நான் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தது அட்டைக்கடிக்குப் பயந்து மட்டும்தான். அரைமணி நேரம் சண்டை பிடித்து, போகிற பேருக்கு நான் காசு தருகிறேன் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

மறுநாள் த்ரீவீல் டிரைவர் சுனில் கேட்ட முதல் கேள்வி: "சபையா, செயலகமா மல்லி?"

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. நல்ல கேள்வி. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. உள்ளூர்ப் பாதை, தெருவிளக்கு, குப்பை, மயானம், நூலகம் எல்லாம் சபை. பிறப்பு இறப்புப் பதிவு, காணி, நலன்புரிக் கொடுப்பனவு, முதியோர் அட்டை, வாகன வரிப்பத்திரம், அனர்த்தம் எல்லாம் செயலகம். தெரியாமல் மாறிப் போனால் ஒரு வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்று, சரியான இடம் அடுத்த தெரு என்று தெரிந்துகொள்ளலாம். அனுபவித்தவர்கள் நிறையப் பேர்.

செயலகத்துக்குள் நுழைந்தபோது ஒன்பதேகால். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னடா ஆளே இல்ல? நான் வர்றப்பல்லாம் நிக்க எடம் இருக்காதே. நம்ம ஆளுங்கதான் குடையோட நெறஞ்சு கெடப்பாங்க." வாங்குகளில் ஆறேழு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாடியில், மூலை அறையில், அந்த நாற்காலியில் ஓர் ஆள் இருந்தார். முப்பது வயது இருக்கும். மேசைக்கடியில் முழங்கால் வரை சேறு காய்ந்த பூட்ஸ்.

வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்களை எடுத்துவிட நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிடச் சுத்தம். மூன்று தடவை வந்தேன் மாத்தயா, மூன்று தடவையும் நீங்கள் இல்லை, நாங்கள் மண்ணுக்குள் போன பிறகுதான் வருவீர்களா என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. எந்தெந்த நாளில் வந்தீர்கள் என்று கேட்டார். அக்காவுக்குத் தேதி நினைவில்லை. "மழை பெஞ்ச நாள்ல" என்பதைத்தான் சிங்களத்தில் சொன்னாள்.

"மழை நாளில் நான் எப்படி அக்கே இங்கே இருப்பேன்?" என்றார். "மழை பெய்தால் எனக்கு வேலை மலையில். எங்கே மண் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு திரிவேன். கிராம உத்தியோகத்தரும் என்னோடுதான். வெயில் அடித்தால்தான் இந்த நாற்காலி."

அக்கா சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை இவளை மலையிலிருந்து கீழே அனுப்பியிருக்கிறது, அதே மழை அவரைக் கீழேயிருந்து மலைக்கு அனுப்பியிருக்கிறது. இருவரும் ஒரே பாதையில் எதிரும் புதிருமாகப் போயிருப்பார்கள். நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை யார் மேல் இறக்குவது என்று தெரியாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

படங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே கேகாலைக்குப் போன் போட்டார். மண்ணைச் சோதிக்கும் பொறியியலாளர் இன்றைக்குக் கந்தோரில் இருக்கிறார், கையோடு போய்ப் படத்தைக் காட்டுங்கள், நேரில் கண்டால் மறக்கமாட்டார் என்றார்.

கரவனெல்லையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலை முப்பத்தைந்து கிலோமீற்றர் போல. வளைவு அதிகம், ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும், 130 ரூபாய். வாந்திக்காரர்கள் புளி மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டச் செயலகத்தை இன்றைக்கும் கச்சேரி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பகல் பன்னிரண்டரைக்கு மேல் போனால் சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நாங்கள் மாட்டிக்கொண்டோம். அக்கா அந்த ஒரு மணித்தியாலத்தில் கேகாலைக் கடைத்தெருவில் பிள்ளைகள் காலுக்குச் சப்பாத்து வாங்கிவிட்டாள். பொறியியலாளர் ஓர் இளம்பெண். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தார். நான் அப்போது வத்தளைக்குத் திரும்பிவிட்டேன், அக்காதான் போனில் சொன்னாள். உத்தியோகத்தரும் கூட வந்து, அன்றே ஏழு குடும்பத்தையும் லயத்தைவிட்டு இறங்கச் சொன்னாராம். தோட்டத்தில் மூடிக் கிடந்த பிள்ளைக்காம்பராவை, அதாவது குழந்தைகள் காப்பகத்தை, தோட்டத்தை நடத்தும் துரை திறந்துவிட்டார். "ஒரே கூட்டம்டா, கொசு வேற, ஒரு கக்கூஸுதான்" என்று அக்கா ஒரு வாரம் என்னைத் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு போன்.

"அடுப்படி போச்சுடா தம்பி."

யாருக்கு என்ன என்று கத்தினேன்.

"லயத்துல நாலு வீடு மண்ணுக்குள்ள. நாங்க காம்பராவுல டீ குடிச்சிக்கிட்டு இருந்தோம். எல்லாரும் இருக்கோம்." பிறகு அவளே சொன்னாள். "மழைடா. வேல இல்ல. எல்லாரும் வீட்டுல இருந்திருப்போம்."

கடையைத் திறக்காமல் வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்ய.

நிரந்தரக் காணி எப்போது, எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்கும் அலைய வேண்டியிருக்கிறது. உங்களில் யாருக்காவது இதே பயணம் வாய்த்தால் சொல்வது இதுதான்: திங்களும் புதனும் பொதுமக்கள் நாள், ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள். சபையா செயலகமா என்று முதலில் தெளிவு பண்ணிக்கொள்ளுங்கள். படத்தைப் போனில் மட்டும் வைத்திருக்காமல் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வெயில் அடித்தால் கந்தோருக்குப் போங்கள், ஒரு பேர் போனால் போகட்டும்.

போன புதன்கிழமை அங்கே நல்ல வெயிலாம். லயத்து ஆட்களில் ஐந்து பேர், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் போய் லீவு கேட்டிருக்கிறார்கள். வெயில் நாளில் கந்தோரா என்று அவர் சத்தம் போட்டாராம். அக்கா அடுப்படி இருந்த பக்கம் கையைக் காட்டினாளாம். அவர் லீவு கொடுத்துவிட்டார்.