தாய்ச்சிக்கு முதல் சீட்டு

அப்பா செத்து ஒன்பது மாதம். அவருடைய சாவில் முதலில் காசு பார்க்கப்போகிறவர் எங்கள் வழக்கறிஞர்தான் என்பது டுசல்டோர்ஃபில் அவருடைய அலுவலகத்தில் வைத்துத்தான் தெரிந்தது.

அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் இரசாயனத் தொட்டி கழுவிய, அப்பா உட்படப் பதினொரு பேருக்கு நுரையீரல் பழுதானது. பதினொரு குடும்பமும் சேர்ந்து வழக்குப் போட்டோம். வென்றால் சம்பளம், தோற்றால் ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொண்டுதான் வழக்கறிஞர் வந்தார். பிழை தொழிற்சாலையுடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு எவ்வளவு என்று முடிவாக இன்னும் இரண்டு வருடம் ஆகுமாம். ஆனால் வழக்குச் செலவில் ஒரு பகுதியை எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனம் இப்போதே அவருக்குத் தருமாம். அதற்கு எல்லாக் குடும்பமும் கையெழுத்து வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். என்னுடையது ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவளின் ஜெர்மன். அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் இதே ஜெர்மனில்தான் வாசித்துச் சொன்னேன். கடைசிக் கடிதத்தையும்.

"செத்தது எங்கட அப்பா. காசு இவருக்கோ? சைன் வைக்காதேங்கோ," என்றேன்.

"இவர் எத்தினை வருசமாச் சம்பளமில்லாமல் ஓடுறார்?"

"மூண்டு."

"பதினொரு வீட்டுக்கும் சேர்த்து?"

"ஓம்."

"அப்ப இவர்தான் தாய்ச்சி."

அம்மா இருபது வருடமாகச் சீட்டு நடத்துகிறார். நடத்துகிற தாய்ச்சிக்குத்தான் முதல் மாதக் காசு, கழிவில்லாமல். மற்றவர்கள் அவசரமென்று முந்தி எடுத்தால், ஒரு தொகையைக் கழிவாக விட்டுக்கொடுத்து மிச்சத்தைத்தான் எடுக்கலாம். யாராவது கட்டாமல் ஓடினால் தாய்ச்சிதான் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும்.

"அம்மா, இது கோர்ட். சீட்டில்லை."

"எல்லாம் சீட்டுத்தான் பிள்ளை. முதல் எடுத்ததுகள்தான் பிறகு ஓடுறது. கடைசி மட்டும் நிப்பன் எண்டு இதில சைன் வைக்கச் சொல்லு."

கைப்பையிலிருந்து சீட்டுக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. இது என்ன ஆவணம் என்று வழக்கறிஞர் கேட்டார். எங்கள் வழக்கம், கடைசிவரை நிற்பேன் என்று இதில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். அவர் புதுப் பக்கத்தின் முதலாம் வரியில் கையெழுத்து வைத்தார். பயந்துதான் வைத்திருப்பார், அம்மாவின் முகம் அப்படி.

பிறகு அம்மா அவருடைய தாளில் கையெழுத்து வைத்தார். கொப்பியில் மற்றக் குடும்பங்களை வரிசையாக எழுதி, அப்பாவின் பெயரைக் கடைசி வரியில் போட்டார்.

"ஏன் அப்பா கடைசி?"

"கடைசிச் சீட்டுக்குக் கழிவில்லை. முழுசா வரும்."

உயிரோடு இருந்தபோது மனுசன் ஒரு சீட்டையும் கடைசிவரை விட்டதில்லை. இரண்டாம் மாதமே பெருங்கழிவில் எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் ஏச்சு வாங்குவார். இனி அவருக்கு அவசரமில்லை.

பேனையை வாங்கி வழக்கறிஞரின் தாளில் நானும் கையெழுத்து வைத்தேன்.