டொக்டர் சொன்னதில் பாதி

நோன்பு விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளைகளை ஓட்டமாவடியில் உம்மாமார் முதலில் பார்ப்பது கன்னத்தைத்தான். கன்னம் ஒட்டியிருந்தால் ஹொஸ்டல் சாப்பாட்டுக்கு நல்ல ஏச்சு விழும். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நான் அப்படி வந்து இறங்கிய நாளில் என் கன்னத்தை யாரும் பார்க்கவில்லை. உம்மா என் பையை வாங்கி வைத்துவிட்டு, நாளைக்கு வாப்பாவோடு கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வாப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதானே என்று அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. காலையில் குளிசையை விழுங்குவார், பின்னேரம் பாலும் சீனியும் கூட்டித் தேநீர் குடிப்பார், பெருநாளைக்கு வட்டிலாப்பத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்குவார். நாங்களும் கொடுத்தோம். கொடுக்காவிட்டால் முகம் சுருங்கிவிடும் என்று கொடுத்தோம். கால் வீங்கத் தொடங்கிய பிறகுதான், சீனி சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது என்று தெரிய வந்தது.

கிளினிக் பொலன்னறுவைப் பக்கம், டொக்டர்மார் சிங்களவர். வாப்பா நெல் வாங்கி விற்பவர். நெல்லுக்கு விலை பேசுகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் உடம்பைப் பற்றிப் பேச அந்தச் சிங்களம் போதாது. நான் ஹொஸ்டலில் சிங்களப் பிள்ளைகளோடு இருந்து பேசப் பழகியவள். அதனால் அன்று அவருடைய வாயும் காதும் நான்தான். அந்த வேலை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் வாப்பா என்னிடம் ஒன்றைத்தான் சொன்னார். காலைப் பற்றியோ குளிசையைப் பற்றியோ அவருக்குக் கவலையில்லை.

"நோன்பு புடிக்க ஏலுமா எண்டு மட்டும் கேளு மகள். மத்தது என்னவெண்டாலும் பரவால்ல."

ஏழு வயதில் பிடிக்கத் தொடங்கியவர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடி, பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்த வருடத்திலும் ஒரு நோன்பைக்கூட விடவில்லை என்று சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்கிற கதை அது ஒன்றுதான்.

டொக்டர் இளம் வயதுக்காரர். கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான் கேட்டதற்கு ஆறுதலாக விளக்கம் சொன்னார். பிடிக்காமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் கட்டாயம் பிடிக்க ஆசைப்பட்டால் இந்த வருடம் பிடித்துப் பார்க்கலாம். குளிசையை மாற்றித் தருவேன், கிழமைக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்க வேண்டும், நோன்பு திறந்த பிறகு நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நோன்பை விட வேண்டும். தன்னிடம் வருகிற முஸ்லிம் நோயாளிகள் சிலர் அப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் சொன்னார். அதையே கொப்பியில் இங்கிலீசில் இரண்டு வரியாக எழுதினார். வாப்பா டொக்டரின் வாயைப் பார்ப்பதும் என் வாயைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"புடிக்கவே கூடாதாம் வாப்பா."

இதைத்தான் நான் சொன்னேன். சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்ததல்ல. ஹொஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரியின் தகப்பனுக்கு டயலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. போனில் வீட்டுக்காரரோடு பேசிவிட்டு அவள் தலையணையில் முகம் புதைத்துப் படுப்பதை ஒரு வருடம் பார்த்திருந்தேன். வாப்பா பிடிவாதக்காரர். பிடிக்கலாம் என்ற சொல் அவர் காதில் விழுந்தால் பிறகு வருகிற நிபந்தனை ஒன்றும் விழாது என்று நினைத்தேன். அவருடைய உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நான்கு நாள் உயிரியல் படித்தவளுக்கு இருக்கிற திமிர் அது.

வாப்பா தலையை ஆட்டினார். எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

நோன்பு பிடிக்க முடியாத நோயாளி, விடுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். உம்மா முப்பது நாளைக்கும் அரிசியை ஒரேயடியாக அளந்து, ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்த விதவைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் நல்ல மனுசி. வாப்பாவின் சுகத்துக்காக எல்லாரிடமும் துஆ கேட்டார். இரண்டாம் நோன்புக்குள் வாப்பா நோன்பில்லை என்பது பள்ளிவாசல்வரை போய்விட்டது.

பெரும்போக நெல் அறுவடை நேரம். நெல் மூட்டையோடு லொறிகள் வாசலில் நிற்கும். வாப்பா வெயிலில் நின்று நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பார், வாய் காய்ந்தாலும் ஆட்களுக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார். நோன்பும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல். சிறுநீரகத்துக்கு இதைவிடக் கேடு வேறென்ன இருக்கிறது? நான் ஜன்னலால் கூப்பிட்டால் கேளாதவர் மாதிரி நிற்பார். பகல் சோற்றுக்கு வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, உள்ளறையில் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். கிளினிக்கில் தந்த தாளைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல உம்மா தனிச் சட்டியில் உப்பில்லாமல் ஆக்கிய கறி. கீரையை அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சுண்டியது. கருவாடு கூடாது, வாழைப்பழம் கூடாது, பேரீச்சம்பழம் கூடாது. ருசியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு வருடமும் பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பைகளை நிரைக்கு வைத்து, நாலு பேரோடு உட்கார்ந்து நோன்பு திறப்பவர், அந்த வருடம் அந்த நேரத்துக்கு அங்கே போகவில்லை. எங்களோடு பாயில் வந்து உட்காரவும் இல்லை. பாங்கு சொன்னதும் நாங்கள் பேரீச்சம்பழத்தைக் கடிக்கும்போது கிணற்றடியில் வாப்பா தொழுகைக்காக வுளூச் செய்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்கும். உம்மா ஒரு கோப்பை கஞ்சி ஊற்றி மூடி வைப்பார். அது ஆறி ஆடை கட்டும்.

பெருநாள் காலையில் எல்லாரும் புது உடுப்போடு தொழுதுவிட்டு வந்தோம். வாப்பாவும் வந்தார். பழைய சேர்ட்தான், உம்மா வாங்கி வைத்தது உறையிலேயே இருந்தது. ஏன் என்று கேட்டேன். நோன்பு பிடித்தவர்களுக்குத்தான் பெருநாள், எனக்கு என்ன பெருநாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை. கொப்பியில் எழுதியிருந்த இரண்டு வரியும் அப்போது என் தொண்டைவரை வந்தன. விழுங்கிவிட்டு, மாட்டிறைச்சிக் கறியும் நெய்ச்சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் ஹொஸ்டலுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மறுபடி அதே கிளினிக், அதே பஸ். டொக்டர் மட்டும் மாறியிருந்தார், வயதான பெண். பழைய பக்கங்களைப் படித்துவிட்டு, போன வருடம் அனுமதி கொடுத்திருக்கிறதே, எத்தனை நோன்பு பிடித்தார் என்று கேட்டார். ஒன்றும் பிடிக்கவில்லை என்றேன். அவர் புதிய இரத்த முடிவைப் பார்த்தார். அப்போது முடிந்திருக்கும், இப்போது முடியாது, இந்த நிலையில் இனி எந்த வருடமும் யோசிக்க வேண்டாம் என்றார். போன வருடம் பிடிக்காமல் விட்டதால் சிறுநீரகத்தில் ஏதாவது மிஞ்சியதா என்று கேட்டேன். முப்பது நாளில் முடிவாகிற விசயமில்லை இது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே நீள மர வாங்கில் வாப்பாவை உட்கார வைத்தேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. இந்த டொக்டர் சொன்னதைச் சொன்னேன். போன வருட டொக்டர் சொன்னதை, மாற்றித் தருவதாகச் சொன்ன குளிசையை, கிழமைக்கு ஒரு சோதனையை, மற்ற நோயாளிகளை, எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் மறைத்தேன் என்றும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வாப்பா கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு மடித்தார்.

"தெரியும் மகள். அந்த டொக்டர் எவ்வளவு நேரம் கதைச்சவர். நீ ஒரு சொல்லுதான் சொன்னாய்."

அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"உன்ட முகத்தப் பாத்தன். பயந்துபோய் இருந்தாய். சரி, இந்த வருசம் புள்ளைக்காக விடுவம், அடுத்த வருசம் புடிப்பம் எண்டு நினைச்சன்."