அத்தைக்குப் பூசிய கற்றாழை

சிறுவயதில் எனக்குக் கைமடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் இருந்தது. பாலிகிளினிக் களிம்பு ஒரு பக்கம் இருக்க, அம்மா ஆண்டுக்கணக்கில் சோற்றுக் கற்றாழை பூசிவந்தார். தேக்கா சந்தையில் வாங்கிய மடலை வெட்டி, மஞ்சள் பால் வடிய டம்ளரில் நிறுத்தி, கழுவித் தோல் சீவி, உள்ளிருப்பதைக் குளிர்பெட்டியில் வைப்பார். எட்டு வயதுக்குள் நானும் அந்த வேலையில் கைதேர்ந்துவிட்டேன். வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை அதுதான்.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் அப்பாவின் தங்கை, என் அத்தை, தீவின் மறுகோடியிலுள்ள பாசிர் ரிஸிலிருந்து எங்கள் பூன் லே வீட்டுக்கு வந்தார். முதுகில் வெந்த புண். குழம்புச் சட்டி கவிழ்ந்துவிட்டதாம். அடுப்பைப் பார்த்து நின்று சமைப்பவருக்கு முதுகில் எப்படிக் கொட்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாமா கைநீட்டும் ஆள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான காரியம்.

"கட்டிக்கொடுத்த பொண்ணு இங்கேயே இருந்தா நாலு பேர் பேசுவாங்க" என்றார் அப்பா.

"புண்ணு ஆறுற வரைக்கும் இருக்கட்டும்லா. அப்புறம் அவர் வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றார் அம்மா. அதுவே முடிவாயிற்று.

புண் வாய் மூடியதும் கற்றாழை பூசும் பொறுப்பு எனக்கு வந்தது. காலையும் மாலையும் விடாமல் பூசினேன். "இன்னிக்கு வேணாம் குட்டி" என்பார் அத்தை. ஒரு நாள் விட்டாலும் பலிக்காது என்று அம்மாவைப் போலவே அதட்டுவேன். முதுகைக் காட்டித் திரும்பி உட்காருவார். சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொள்வேன். சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, கூடத்தில் அப்பாவுடன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அறைக்குள் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்றிருந்தது.

"இன்னும் எரியுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு குட்டி. நீ சொன்னா நம்புவாங்க."

"எல்லாம் ஆறிடுச்சு அத்தை. நான்தானே தினமும் பார்க்கிறேன்" என்றேன், கூடத்துக்கே கேட்கும்படி.

அப்பா என்னைக் கெட்டிக்காரி என்றார். அத்தை பையை எடுத்துக்கொண்டார்.

மின்தூக்கி வரை வழியனுப்பப் போனேன். அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் பூசிவிட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அன்று முழுவதும் எனக்குக் கோபமாக இருந்தது.