டினேஸுக்குப் போட்ட நீள்வட்டம்

உரும்பிராய்ச் சீவரத்தினத்துக்கு ஊரில் நல்ல மரியாதை. நல்ல காரியத்துக்கு மட்டும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் கல்வெட்டு வடிவமைக்கிறவர். செத்தவரின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகம்தான் கல்வெட்டு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் செத்தவர்களில், அவர் கையால் நீள்வட்டத்துக்குள் போகாத முகம் குறைவு.

ஐம்பது வயதில் மனுசனுக்கு ஓர் ஆசை வந்தது: உயிரோடு இருக்கிறவர்களுக்கும் ஒரு பக்கம் போட வேண்டும். முதலாளி சுதாகரன் மாத சஞ்சிகை தொடங்கியதும், திரை விமர்சனப் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். பக்கம் எடுபட்டால் சஞ்சிகை முழுக்க அவருடையது, கல்வெட்டுக்கு வேறு ஆள். எடுபடாவிட்டால் அதே கதிரை, அதே செத்த வீடு.

நாலு மாதம் ஆராய்ச்சி நடந்தது. இந்தியச் சஞ்சிகைகளை வாங்கி, அடிமட்டம் வைத்து அளந்தார். படம் பக்கத்தில் எத்தனை பங்கு, தலைப்பு எத்தனை விரல், நட்சத்திரம் எந்த மூலை என்று எல்லாம் கொப்பியில் ஏறியது. முடிவு இதுதான்: வாசகன் முதலில் முகத்தைப் பார்க்கிறான், பிறகு நட்சத்திரத்தை எண்ணுகிறான், பிறகு பெட்டிக்குள் இருக்கும் ஒரு வரி. மிச்ச எழுத்தெல்லாம் பக்கம் வெறுமையாகத் தெரியாமல் இருப்பதற்கு. இந்தக் கவனத்தை அந்தக் காலத்தில் படிப்பில் காட்டியிருந்தால் இன்றைக்குக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்திருக்கலாம் என்றாள் மனைவி பாலேஸ்வரி.

முதல் விமர்சனத்துக்குக் கிடைத்தது உள்ளூர்ப் பெடியள் எடுத்த பகிடிப் படம். கதாநாயகன் டினேஸ், நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஆழ்வாப்பிள்ளையின் மகன். விமர்சனம் எழுதியவர் எமில்ராஜ் மாஸ்ரர். படம் நல்லது என்று சொல்ல அவருக்குத் தொள்ளாயிரம் சொல் தேவைப்பட்டது, பாவம்.

சீவரத்தினம் கொப்பியைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். கை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. டினேஸின் முகம் நடுவில் நீள்வட்டத்துக்குள் போனது. தலையைச் சுற்றி மெல்லிய வெளிச்சம், பின்னால் மறைகிற சூரியன், சுற்றிவர கறுப்புக் கரை. படத்துக்கு இடப்பக்கம் படப்பிடிப்புத் தொடங்கிய திகதி, வலப்பக்கம் முடிந்த திகதி. கீழே, தொடர்புக்குப் படக்குழுவினரின் தொலைபேசி இலக்கம். பெட்டிக்குள் மாஸ்ரரின் வரி: "டினேஸின் சிரித்த முகம் நம் கண்களை விட்டு என்றும் அகலாது." முதலாளி பார்த்தார், பிழை திருத்துகிறவர் பார்த்தார், நல்ல வடிவு என்றார்கள். அந்த அச்சகத்தில் எல்லாருக்கும் அதே கண்தானே!

இதழ் வெளிவந்த அன்று காலை, பக்கத்தைக் கைத்தொலைபேசியில் கண்டு, கனடாவிலிருந்து டினேஸின் மாமி அழுதபடி தொலைபேசி எடுத்தா. மத்தியானத்துக்குள் சனசமூக நிலையத்தார் சந்தியில் செத்த வீட்டு வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு டினேஸே தேத்தண்ணி கொடுத்தான். அடுத்த நாள் படம் ஓடியபோது மண்டபம் நிறைந்தது உண்மை. ஆனால் பகிடிக்குச் சிரித்தவன் ஒருவனும் இல்லை. செத்தவன் நடித்த படத்துக்குச் சிரிக்க யாருக்கு மனம் வரும்?

சுதாகரன் பக்கத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, சீவரத்தினத்தின் மேசையில் இரண்டு கல்வெட்டு வேலையை வைத்துவிட்டுப் போனார். சீவரத்தினத்துக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது. செத்தால் கல்வெட்டையும் தானே அல்லவா செய்ய வேண்டும்!

மூன்றாம் நாள் ஆழ்வாப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் அந்தப் பக்கம், நாலாக மடித்தபடி. டினேஸின் தகப்பனிடம் அடி வாங்கவும் ஆயத்தமாகச் சீவரத்தினம் எழுந்து நின்றார். கிழவர் தாளை மேசையில் விரித்து, விரலால் கரையைத் தடவினார்.

"தம்பி, வலு வடிவாய் இருக்கு. என்ரை கல்வெட்டுக்கும் உப்பிடியே போட்டுத் தாரும். உயிரோடை இருக்கேக்கையே பாத்திட்டால் எனக்கு ஒரு நிம்மதி."

சீவரத்தினம் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "ஐயா, விமர்சனத்தை வாசிச்சனீங்களோ?"

"விமர்சனமோ? உதிலை அதுவும் கிடக்கே?"

நாலு மாத ஆராய்ச்சி சரி என்று நிரூபணமாகிவிட்டது. சீவரத்தினம் கிழவரைக் கதிரையில் இருத்திப் படம் எடுத்தார். டினேஸை நீள்வட்டத்திலிருந்து எடுத்துவிட்டு அவரை வைத்தார். பிறந்த திகதியைக் கேட்டு இடப்பக்கம் அடித்தார். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டார்.