ஐம்பத்து நான்கு கிலோ

என் தங்கை நல்ல சாப்பாட்டுக்காரி. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். இதைத்தான் நான் மறந்துபோனேன்.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். மதியம் ஒரு மணிக்கு மெஷின்கள் நின்றதும் பதினான்கு பெண்கள் துணி வெட்டும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாக்களைத் திறப்பார்கள். இவள் தன்னுடையதை முதலில் காலி செய்துவிட்டு மற்ற பதின்மூன்றையும் ஒரு சுற்று வருவாள்.

"வயித்துக்குள்ள யாரையாச்சும் குடி வெச்சிருக்கியா?" என்று சூப்பர்வைசர் கேட்பாராம்.

"ஆமா சார். காலி பண்ணுடான்னா போக மாட்டேங்கறான்" என்பாளாம்.

அங்கே அவளுக்கு 'டேப்பு' என்று பட்டப்பெயர். ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லிவிடுவாள். நான் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையே நிறுத்தி அளவு சொல்லச் சொல்லி, குறித்துக்கொண்டு, பிறகு டேப்பு வைத்துச் சரிபார்த்தேன். ஆறு அளவுகளில் ஐந்து சரி. ஆறாவது, இடுப்பு, அரை அங்குலம் வித்தியாசம். "மூச்சை இழுத்துப் பிடிக்காம நில்லுங்க அண்ணா" என்றாள். விட்டேன். அதுவும் சரியாகிவிட்டது.

நான் காகித ஆலையின் எடை மேடையில் இருந்தவன். பழைய காகிதம் ஏற்றிய லாரி வரும். லோடோடு ஓர் எடை, இறக்கியபின் காலி வண்டிக்கு ஓர் எடை. முப்பத்தாறு வருஷம் அதைப் பதிந்தேன். சிலர் கட்டுகளின் நடுவில் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவருவார்கள். வெளியே காய்ந்து மொறமொறவென்று இருக்கும். உள்ளே ஊறிப்போயிருக்கும். அதனால் நான் எண்ணைப் பார்த்ததோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு லோடிலும் மூன்று கட்டுகளுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பேன். "தராசுகிட்ட நம்ம பாச்சா பலிக்காதுப்பா" என்று டிரைவர்கள் என்னைப் பற்றி எனக்குக் கேட்கும்படியே சொல்வார்கள். கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. என் மனைவி போனபிறகு இரண்டு பேரும் என் வீட்டிலேயே இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயதில் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது. டாக்டர் அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். உப்பு குறைக்க வேண்டும், பருப்பு குறைக்க வேண்டும், இறைச்சி வேண்டாம், வாரத்துக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு போதும். அந்தத் தாளுக்கு நான் பிளாஸ்டிக் உறை போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். கோடு போட்ட நோட்டு ஒன்றைத் தொடங்கி, அவள் தட்டில் விழுந்ததையெல்லாம் கிராம் கணக்கில் எழுதினேன். அப்போது அது சரியான வேலை. டாக்டரே நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். இரண்டரை வருஷம் அப்படித் தள்ளினோம்.

பிறகு டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் ஊசி போட வசதியாக ஓரத்தையலைப் பிரித்து, வரிசையாக அமுக்குப் பொத்தான் வைத்து ஒரு சட்டை தைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைக்காரர்களும் கேட்டார்கள். ஆறு மாதத்தில் அந்த வார்டில் பதினோரு பேர் அவள் தைத்த சட்டையோடு படுத்திருந்தார்கள்.

மெஷினில் போடுமுன் ஓர் எடை, எடுத்தபின் ஓர் எடை. இது எனக்குத் தெரிந்த வேலை. உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாதபோது அவள் எடை ஐம்பத்து நான்கு கிலோ என்று டாக்டர் முதலில் கணக்குப் போட்டுத் தந்திருந்தார். ஒவ்வொரு முறையும் மெஷின் அவளை அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து விடும். பதினான்கு மாதமும் நோட்டின் கடைசிப் பத்தியில் மேலிருந்து கீழாக ஐம்பத்து நான்கு, ஐம்பத்து நான்கு என்றே இருக்கும். பார்க்கவே நிறைவாக இருக்கும்.

தொடங்கிய மூன்றாம் வாரம் பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள்.

"அண்ணா, இனிமே நான் தினம் முட்டை சாப்பிடலாமாம். மீன், கறி எல்லாம்கூட."

"யார் சொன்னா?"

"டயட் சொல்ற பொண்ணு. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க."

"எழுதிக் குடுத்தாளா?"

"வாயாலதான் சொன்னா."

"வாயால ஆயிரம் சொல்லுவாங்க. தாள்ல என்ன இருக்கு? வாரத்துக்கு ஒண்ணு."

"அந்தத் தாள் பழசு அண்ணா."

"புதுசு குடுக்கட்டும், ஒட்டறேன்."

புதுத்தாள் எங்கே என்று நான் போய்க் கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணின் மேஜை எடை பார்க்கும் இடத்திலிருந்து இருபது அடி. கேட்கவில்லை. முட்டைப் பேச்சு அவளுடைய நாக்கு கண்டுபிடித்த சாக்கு என்று நினைத்தேன். அதற்குப்பின் ஏழு முறை கேட்டாள். ஏழையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: 'முட்டை கேட்டாள். தாளில் இல்லை. தரவில்லை.' எட்டாவது முறை கேட்கவில்லை. 'கேட்பதை விட்டுவிட்டாள். நல்ல கட்டுப்பாடு' என்று எழுதினேன்.

அது கட்டுப்பாடு இல்லை. அவளுக்குப் பசியே நின்றுபோயிருந்தது. வாயெல்லாம் ஆணியைச் சப்பினதுபோல் இருக்கிறது என்பாள். அடுப்பில் ஏதாவது கொதித்தால் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். நாலு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளுவாள். நான் மீதியை எடைபோட்டுக் கழித்து எழுதுவேன்.

ஒருநாள், "சட்டையெல்லாம் லூசாகுது அண்ணா" என்றாள்.

நோட்டை எடுத்துக் காட்டினேன். "இதோ பார். ஒரு நூறு கிராம்கூட இறங்கலை. துணி துவைக்கத் துவைக்கத் தளரும்மா."

முப்பத்தொரு வருஷம் தைத்தவளுக்கு நான் துணியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். "சரி" என்றாள். அதன்பின் அவள் சட்டைகள் லூசாக இல்லை. நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ் படியில் அவளால் ஏற முடியவில்லை. நடத்துநர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வார்டில் படுக்க வைத்ததும் மூச்சு வாங்கியது. "உக்கார வையுங்க, உக்கார வையுங்க" என்றாள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அன்று டயட் பார்க்க வந்தது வேறொரு பெண், புதிதாகச் சேர்ந்தவள். ஊசி போடாத கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப்பைச் சுற்றினாள். அவள் எண்ணைப் பார்க்குமுன் என் தங்கை சொன்னாள்:

"பத்தொன்பது சென்டிமீட்டர். போன மாசம் பத்தொன்பதரை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் டெய்லரும்மா."

அந்தப் பெண் டேப்பைப் பார்த்தாள். பத்தொன்பது. உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், முதுகில் குழல் வைத்துக் கேட்டார், பிறகு என்னிடம் திரும்பினார்.

"உடம்புல சதை கரைஞ்சிருக்கு. அந்த இடத்துல தண்ணி நின்னிருக்கு. அதான் எடை மாறலை. நாங்களும் பழைய எண்ணையே வெச்சு ஓட்டிட்டோம். இவங்க நிஜ எடை நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பதுதான் இருக்கும்."

வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஊறிப்போயிருக்கும். முகம் தெரியாத ஆட்களின் காகிதக் கட்டுக்குள் முப்பத்தாறு வருஷம் கையை விட்டுப் பார்த்தவன், ஒரே வீட்டில் இருந்த தங்கையின் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்கவில்லை.

"என்ன சாப்பிடறாங்க?" என்று டயட் பெண் கேட்டாள்.

"நல்லா சாப்பிடறேன்மா" என்றாள் தங்கை அவசரமாக. முன்பிருந்த பெண் கேட்டபோதெல்லாம் இதையேதான் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் நோட்டை நீட்டினேன். அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையோடுதான் நீட்டினேன் என்பதை மறைக்கக் கூடாது. அவள் நின்றபடியே புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. தன்னை அறியாமல் வாய்விட்டுப் படித்தாள்.

"முட்டை கேட்டாள். தாளில் இல்லை. தரவில்லை."

பக்கத்துப் படுக்கையில் ஆட்டோ ஓட்டுபவர். அவருக்கு அப்பால் ஓய்வுபெற்ற வாத்தியார். எல்லாருடைய கையிலும் என் தங்கை தைத்த பொத்தான் வரிசை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்கள். பார்த்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

"சார், மெஷின் அழுக்கை மட்டும் எடுக்கிறதில்லை. கூடவே சத்தையும் கொஞ்சம் கொண்டுபோகுது" என்றாள் அவள், குரலை இறக்கி. "டயாலிசிஸ் ஆரம்பிச்சா புரதம் கூடணும். உங்ககிட்ட இருக்கிற தாள் அதுக்கு முன்னாடி குடுத்தது."

"தெரியாதும்மா" என்றேன்.

அது பொய். எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. பஸ்ஸில், மூன்றாம் வாரம், பிறகு ஏழு முறை. பொய் என்று தெரிந்த ஒரே ஆள் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த தாளை உரித்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. முட்டை அவித்து, உரித்து, தட்டில் வைத்து அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விள்ளல் வாயில் போட்டு, எழுந்து, கழுவும் தொட்டிக்குப் போய்விட்டாள்.

"கேட்டப்ப கிடைக்கலை. கிடைக்கறப்ப இறங்கலை" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அண்ணன் தரமாட்டேங்கறான்னு?"

"சொல்லிட்டு? எல்லார் முன்னாடியும் உங்களை நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

அடுத்த ஐந்து வாரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தொன்று. கடைசியில் நாற்பத்தெட்டரை. மூச்சு சரியானது. ஆனால் தண்ணீர் போனதும் கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது. அவள் எவ்வளவு கரைந்துபோயிருந்தாள் என்பதை அப்போதுதான் நான் கண்ணால் பார்த்தேன். இனி உள்ளே போகிற சாப்பாடு சதையாகுமா என்று டாக்டரைக் கேட்டேன். "சாப்பிட்டா ஆகும்" என்றார். அவ்வளவுதான்.

சூடான சாப்பாட்டின் வாசனைதான் புரட்டுகிறது, ஆறவைத்துக் கொடுங்கள் என்று டயட் பெண் யோசனை சொன்னாள். டயாலிசிஸ் தொடங்கிய முதல் மணி நேரத்தில் கொடுக்கலாம் என்றும் சொன்னாள். ஆறின வெள்ளைக்கருவைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி டப்பாவில் கொண்டுபோனேன். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முறைப்பாள்.

"அக்கா, அந்த முட்டை உங்களை என்ன பண்ணிச்சு? போலீஸ் மாதிரி விசாரிக்கிறீங்க" என்பார் ஆட்டோக்காரர்.

"வாயைத் தொறக்க மாட்டேங்குதே."

"முட்டையா, நீங்களா?"

அவள் சிரிப்பாள். சிரிக்கிற வேகத்தில் ஒரு துண்டு உள்ளே போய்விடும். முதல் வாரம் இரண்டு துண்டு. இரண்டாம் மாதம் ஒரு முழு முட்டையின் வெள்ளை. நான்காம் மாதம் வாத்தியார் வீட்டிலிருந்து வந்த மீன் துண்டை எட்டிப் பார்த்து, "அதுல பாதி யாருக்கு?" என்று கேட்டாளாம். வாத்தியார் என்னிடம் வந்து அதைச் சொன்னபோது நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

இப்போதும் நோட்டு எழுதுகிறேன். ஆனால் அவள் சொல்வதை எழுதுகிறேன். மாதம் ஒருமுறை அவளே டேப்பால் கையை அளந்து எண்ணைச் சொல்வாள். போன மாதம் இருபதேகால்.

அன்று மாலை ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய நீலச் சட்டை ஒன்றை உள்பக்கம் திருப்பி வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கைக்கு உள்ளே, அசல் தையலுக்கு அடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தையல் கோடுகள். மூன்று முறை பிடித்துத் தைத்திருக்கிறாள். அதிகப்பட்ட துணியை வெட்டவில்லை. உள்ளே மடித்தே விட்டிருந்தாள்.

"ஏன் வெட்டலை?"

"வெட்டிட்டா மறுபடி பிரிச்சு விட முடியாதே."

"இது எப்ப தைச்சது?" என்று முதல் கோட்டைத் தொட்டுக் கேட்டேன்.

"நீங்க நோட்டைக் காட்டினீங்களே, அன்னிக்கு. மத்தியானம் நீங்க தூங்கற வரைக்கும் இருந்து தைச்சேன்."

மற்ற இரண்டின் தேதியை நான் கேட்கவில்லை. அவள் கடைசிக் கோட்டை மட்டும் பிரித்து முடித்து, நூலைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "குப்பையில போட்டுடுங்க" என்றாள். இன்னும் இரண்டு கோடு பாக்கி இருக்கிறது.